முள்ளு மேல அஞ்சு ரூபாய்

வாங்க அம்மிணி, வாங்க. செருப்ப வெளியவே உட்டுட்டு வாங்க, இந்த ரூமுக்குள்ள தூசி ஆகாது. உக்காருங். ஐயோ, அந்தச் சேர்ல வேண்டாங், அது நானு பாட்டுக் கேக்கற சேரு. ரெண்டு ஸ்பீக்கருக்கும் சரியா நடுவுல வரோணும்னு டேப்பு புடிச்சு அளந்து போட்டது. நீங்க இந்த ஸ்டூல்ல உக்காருங்க.

அம்மாளையும் கூட்டிட்டு வந்துட்டீங்களாமா? கீழ துளசிகிட்டப் பேச்சு கேக்குதே. துளசின்னா எம்பட ஊட்டுக்காரி, துளசிமணி. இருக்கட்டும், இருக்கட்டும். அவ காப்பி வெச்சுக் குடுத்துட்டு ஊர்ப் பழமை பேசிட்டு இருப்பா, அவளுக்கு வேற என்ன சோலி.

உங்க ரெக்கார்டுத் தட்டுத்தானுங்க? இருக்குது, எங்க போகுது. அந்த ஷெல்ப்புல உறை போட்டுப் பத்திரமா வெச்சிருக்கேன். சித்த இருங்க, எடுத்துத் தர்றேன். எடுத்துட்டுப் போறதுக்கு முன்னால நானு பட்ட பாட்டையும் கேட்டுட்டுப் போகோணுமல்ல. ரெண்டு மாசமா இந்தாளு போனே எடுக்க மாட்டேங்கறானே, ஏமாத்திப் போட்டானோன்னு நெனச்சிருப்பீங்க. நெனச்சிருப்பீங்க, மொகத்துலயே எழுதி ஒட்டியிருக்குது. நானு அந்த ஜாதி ஆளு இல்லீங்.

எனக்கு மறதியும் கெடையாது. மில்லுல ஸ்பின்னிங் மாஸ்டரா இருந்தவன். ஒரு நூலு அறுந்தா எந்த மிசின்லன்னு சத்தத்தை வெச்சே சொல்லுவேன். ரிட்டையர் ஆகியும் ஊரே என்னை மாஸ்டர்னுதான் கூப்புடுது. நீங்க அன்னைக்கு வந்து சொன்னது அத்தனையும் நெனப்பிருக்குது, பாக்கறீங்களா? உங்கய்யன் முத்துரத்தினம், மோட்டார் பட்டறைல வேலை. நீங்க கைக்கொழந்தையா இருக்கறப்ப பொருட்காட்சிக்குப் போயிருக்காரு. அங்க, உங்கள் குரலை நீங்களே கேளுங்கள்னு ஒரு கடை. காசு குடுத்தா மைக்கு முன்னால பேச உட்டு, பேசுனதை அங்கயே ஒரு தட்டுல வெட்டிக் கையில குடுத்துருவாங்க. உங்கம்மாளுக்குன்னு அதுல பேசிக் கொண்டாந்திருக்காரு. கொண்டாந்து என்ன பண்றது, ஊட்டுல பிளேயரு இல்லை. செட்டியார் ஊட்டுல இருக்குது, ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போயிப் போட்டுக் காட்டறேன்னு சொன்ன மனுசன், ஞாயித்துக்கிழமைக்குள்ள பட்டறைல கரண்டு அடிச்சுப் போயிட்டாரு. சேரிங்களா?

அதுக்கப்பறம் உங்கம்மா மயிலாத்தா அந்தத் தட்டை யாரையும் தொடவே உடலை. கேட்டாத் தீந்து போயிரும்னு டிரங்குப் பொட்டில வேட்டித் துணிக்குள்ள சுத்தி வெச்சிருந்தாங்க. இப்ப இந்த வயசுல, திடீர்னு ஒரு நாளு, அதைப் போடச் சொல்லு கண்ணு, ஒருக்காக் கேட்டுட்டுப் போயிர்றேன்னு சொல்லியிருக்காங்க. இத்தனை வருசமாக் கேக்காதவங்களுக்கு இப்ப மட்டும் என்ன அவசரம்னு எனக்குப் புரியலை. அது உங்க குடும்ப சமாச்சாரம், உடுங்க.

ஆனா ஒண்ணு சொல்லோணும். அன்னைக்கே போட்டுக் காட்டறேன்னு சொன்னேனா இல்லையா? பிளேயரு அப்ப நல்லா ஓடிட்டு இருந்துச்சு. நீங்கதான், வேண்டாங்க மாஸ்டர், எங்கம்மாதான் மொதல்ல கேக்கோணும், அவங்களோட சேர்ந்து நானும் கேட்டுக்கறேன், செல்லுல போட்டுக் குடுங்க போதும்னீங்க. நானு வற்புறுத்தலை. இப்ப மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா எப்புடிங்க? நானா வேண்டாம்னேன்?

சேரி, எல்லாத்துக்கும் காரணம் அந்த வக்கீல் நஞ்சுண்டன். ஞாயித்துக்கிழமையானா சாயங்காலம் இங்க ஒரு கூட்டம் சேரும், பழைய ரெக்கார்டு வெச்சிருக்கறவங்க நாலஞ்சு பேரு. ஆளுக்கு ஒரு தட்டுக் கொண்டாருவோம், போடுவோம், கேப்போம். துளசி போண்டா சுடுவா. நீங்க தட்டுக் குடுத்துட்டுப் போன அந்த வாரம், நானு எம்பட பொக்கிசம் ஒண்ணை எடுத்துப் போட்டிருக்கேன். எல்லாரும் கண்ண மூடிக் கேக்கறாங்க. பாட்டு முடிஞ்சுது. நஞ்சுண்டன் வாயில போண்டாவ வெச்சுக்கிட்டே சொல்றான், மாஸ்டர், உங்க பிளேயர்ல பாடறவங்களுக்கெல்லாம் சளி புடிச்சாப்ல இருக்குதே, ஆவி புடிக்கச் சொல்லுங்கன்னு. அத்தனை பேரும் சிரிக்கறாங்க. எம்பட ஊட்டுல உக்காந்து, எம்பட போண்டாவத் தின்னுபோட்டு. ரோசம் இருக்குமா இருக்காதா? நீங்களே சொல்லுங்க.

அன்னைக்கு முடிவு பண்ணுனேன், கார்ட்ரிட்ஜை மாத்திர்றதுன்னு. கார்ட்ரிட்ஜ்னா ஒண்ணுமில்லைங், முள்ளு சொருகியிருக்கற சின்ன டப்பி. இந்தா, பிளேயரோட இந்தக் கையோட நுனில, தலையில இருக்குது பாருங்க, அதுதான். பழசு பல வருசம் ஓடுனது. புதுசு சிங்கப்பூர்ல இருந்து எம்பட மச்சினன் மகன் கொண்டாந்து குடுத்தான். அவனுக்குத் தெரிஞ்ச மெக்கானிக்கை வெச்சு மாட்டிக்கங்க மாமான்னான். எனக்கு எதுக்குங்க மெக்கானிக்கு? மில்லுல எத்தனை மிசினைப் பிரிச்சுப் பூட்டுனவன் நானு. ரெண்டு ஸ்க்ரூ, நாலு ஒயரு. ஒயரு தலைமயிராட்டம் மெலிசு, அதைக் குறட்டுல புடிச்சு மாட்டோணும். மாட்டிப்போட்டேன்.

போட்டாக்கா, ஊம்ம்னு ஒரு இரைச்சலு. பாட்டு எங்கியோ கெணத்துக்குள்ள இருந்து வருது.

இங்கதான் அம்மிணி நீங்க ஒண்ணைப் புரிஞ்சுக்கோணும். கார்ட்ரிட்ஜ் மாத்துனா சத்தம் சரியா இருக்குதான்னு போட்டுப் போட்டுப் பாக்கோணும். ஒரு ஒயரை நகத்து, போடு, கேளு. ஸ்க்ரூவத் திருப்பு, போடு, கேளு. அதுக்கு ஒரு தட்டு வேணும். எம்பட தட்டு ஒவ்வொண்ணும் மொதல் பதிப்பு. காசு குடுத்தாலும் கெடைக்காது. ஊரு ஊரா அலைஞ்சு, ஏலம் எடுத்து, பொண்டாட்டி கழுத்து நகைய வெச்சு வாங்குனது. கோளாறு புடிச்ச முள்ளுக்குக் கீழ அதைக் கொண்டு போயி வெப்பனா? பைத்தியக்காரன் கூட வெக்க மாட்டான்.

உங்க தட்டு மேசை மேலயே இருந்துச்சு.

ஏனுங், எதுக்கு எந்திரிக்கறீங்க? உக்காருங்க. நானு இன்னும் முடிக்கலை.

அதுவும் போக, பேச்சுத்தான் பரீட்சைக்கு நல்லது. பாட்டுன்னா மேளம், வயலினு எல்லாம் சேர்ந்து குத்தத்தை மறைச்சுப் போடும். ஒத்த ஆளு, பக்கவாத்தியம் இல்லாம, நடுநடுவுல நிறுத்தி நிறுத்திப் பேசுனா முள்ளோட குத்தம் அத்தனையும் வெளிய வந்துரும். உங்கய்யன் பேச்சு அதுக்குன்னே செஞ்சு வெச்சாப்ல இருந்துச்சு. பழைய கார்ட்ரிட்ஜ்ல, நீங்க குடுத்த அன்னைக்கு, சும்மா ஓடுதான்னு ஒருக்காப் போட்டேன். ஆளு இந்த ஸ்டூல்ல உக்காந்து பேசறாப்ல இருந்துச்சுங்க, பொய் சொல்லலை. மூச்சு வாங்கறது தெரியுது, பின்னால பொருட்காட்சிக் கூட்டம் தெரியுது, யாரோ ஒரு பையன் பலூன் கேட்டு அழுவறான். அப்பறம் போன் வந்துச்சு, பாதிலயே தூக்கிட்டேன். துளசி காப்பி கொண்டாந்தவ கதவுகிட்டயே நின்னுட்டு இருந்தா. முந்தானையில மூக்கச் சிந்திக்கிட்டு, முழுசாப் போடுங்களேன்னா. உனக்கென்னடி, கண்டவன் பொண்டாட்டிக்குப் பேசறதைக் கேட்டு நீ எதுக்கு அழுவறேன்னு கேட்டேன். காப்பிய வெச்சுட்டுப் போயிட்டா.

அவ ஒண்ணு சொன்னா, அதையும் மறைக்காமச் சொல்லிப் போடறேன். புதுக் கார்ட்ரிட்ஜை நானு பிரிக்கறப்ப வந்து, மொதல்ல அந்தப் புள்ளை தட்டைச் செல்லுல புடிச்சுக் குடுத்துட்டு, அப்பறம் உங்க முள்ள மாத்துங்கன்னா. எனக்குக் கோவம் வந்துருச்சு. நானு ஒண்ணைச் செஞ்சு குடுத்தா அது மாஸ்டர் செஞ்சதுன்னு தெரியோணும். சளி புடிச்ச சத்தத்தைப் புடிச்சுக் குடுக்கறதா? நாளைக்கு நீங்க அதை நாலு பேருத்துக்குப் போட்டுக் காட்டுவீங்க, எவனாவது இது எங்க எடுத்ததுன்னு கேப்பான். எம்பட பேரு என்ன ஆகறது? புதுக் கார்ட்ரிட்ஜ்ல, முதல் தரமா எடுத்துக் குடுக்கோணும்னுதான் நெனச்சேன். உங்களுக்காகத்தானுங்க அத்தனையும்.

இரைச்சலு எப்புடியோ போச்சு. ஒரு ஒயரு சரியா உக்காரலை, அவ்வளவுதான். அது போனா அடுத்தது வந்துச்சு பாருங்க, முள்ளு நிக்கவே மாட்டேங்குது. தட்டு மேல வெச்சா வழுக்கிட்டு ஓடுது. உங்கய்யன் 'மயிலா'ன்னு ஆரம்பிச்சாருன்னா அடுத்த வார்த்தை 'சந்தைல'தான். நடுவுல ஒண்ணுமில்லை. மறுக்கா வெச்சா மறுக்காவும் தாண்டுது. சர்ருனு ஒரு கோடு போட்டுட்டுப் போகுது.

எங்கய்யன் காலத்துல இதுக்கு ஒரு வைத்தியம் உண்டு. ஊருல எந்த ஊட்டுல பிளேயரு இருந்தாலும் தலை மேல ஒரு நாலணாக் காசு இருக்கும், பாத்திருப்பீங்க. முள்ளு தாண்டுனாக் காசு வெக்கறது. காசோட பாரத்துக்கு முள்ளு அமுங்கி ஒழுங்காப் போகும். அனுபவ வைத்தியம். இப்ப நாலணா ஏது? ஒரு ரூபாய் வெச்சேன். கொஞ்சம் நின்னுது, ஆனா அப்பப்பத் தாண்டுது. ரெண்டு ரூபாய் வெச்சேன். பரவால்லை. அப்பறம் அஞ்சு ரூபாய் வெச்சேன் பாருங்க, அந்தப் பழைய தடிக்காசு, கல்லு கணக்கா நின்னுருச்சு. எனக்குன்னா ஒரே சந்தோசம். துளசியக் கூப்புட்டுக் காட்டுனேன்.

அவ என்னத்தைப் பாத்தாளோ, சத்தத்தைக் கேக்காமத் தட்டையே பாத்துட்டு இருந்தா. முள்ளுக்கு முன்னால கருப்பா ஒரு சுருளு வருதே, அது என்னங்கன்னா. நூல் மாதிரி மெலிசாத்தான் இருந்துச்சு. ஊதி உட்டேன், போயிருச்சு. இந்த மாதிரித் தட்டெல்லாம் அலுமினியத் தகடு, மேல ஒரு பூச்சு, அம்புட்டுத்தான். கடைல விக்கற தட்டாட்டம் கெட்டியெல்லாம் கெடையாது. கொஞ்சம் அழுந்துனாச் சொரண்டிட்டு வரத்தான் செய்யும். அது தட்டோட கொணம். அதுக்கு நானு என்ன பண்றது?

அவளுக்கு எங்கிருந்துதான் வாய் வந்துச்சோ. ஊரான் ஊட்டு நெய்யே, எம்பொண்டாட்டி கையேன்னு ஊத்தறீங்களே, உங்குளுதுல ஒண்ணை எடுத்து வெச்சுப் பாக்கறதுக்கு மட்டும் கை வரலையான்னு கேட்டா. கல்யாணமான நாள்ல இருந்து எதுத்துப் பேசாதவ. அடுத்த நாளு காலைல பாத்தா மேசை மேல தட்டைக் காணோம்! பீரோவுக்குள்ள, அவ சேலைக்கு அடில ஒளிச்சு வெச்சிருக்கறா. திருட்டுக் கழுதை. நானு புடிச்ச புடில சாவியக் குடுத்துட்டா. இந்த ரூமுக்குள்ள இனிக் கை வெச்சே, கையை முறிச்சுப் போடுவேன்னு சொன்னேன். அன்னைல இருந்து என்கிட்ட ரெண்டு வார்த்தைக்கு மேல பேசறதில்லை. நல்லதாப் போச்சு, சத்தமில்லாம வேலை பாக்கலாம்.

காசு வெச்சதும் தாண்டறது நின்னுது. ஆனா அடுத்த பிரச்சினை, 'ச' வர்ற எடமெல்லாம் வெடிக்குது. ஷ்ஷ்ஷ்னு, அடுப்புல தண்ணி ஊத்துனாப்ல. சட்டைன்னா ஷ்ஷட்டை. மொதல்ல கொஞ்சமா இருந்துச்சு. நானு டப்பிய இக்கட்ட திருப்பிப் பாத்தேன், அக்கட்ட திருப்பிப் பாத்தேன். போடப் போட அதிகமாகுது. கை ஒசரத்தை ஏத்துனேன், எறக்குனேன். ஒயரை மாத்துனேன். ஆம்ப்ளிபையரைப் பிரிச்சேன். எத்தனை தடவை போட்டிருப்பேன்னு யாரு எண்ணுனாங்க? காலைல காப்பி குடிச்சுட்டு உக்காந்தா மத்தியானச் சோத்துக்குத்தான் எந்திரிக்கறது. சோறு உண்டுட்டு மறுக்கா உக்காருவேன். வேற எவனாவது இருந்தா வேண்டாம் போன்னு உட்டிருப்பான். நானு உடலை.

நடுவுல நீங்க போன் பண்ணுனீங்களே, அம்மாளுக்குக் காய்ச்சலு, டாக்டரு கையை விரிச்சுட்டாரு, அவங்க அந்தத் தட்டைத்தான் கேட்டுட்டே இருக்காங்கன்னு. துளசி போனைக் கையில வெச்சுட்டு என்னைப் பாக்கறா. நாந்தான் ஊர்ல இல்லைன்னு சொல்லச் சொன்னேன். சத்தம் சரியாகாம நானு எந்த மொகத்தை வெச்சுட்டு உங்ககிட்டப் பேசறது? அப்பறம் எந்திரிச்சு உக்காந்துட்டாங்கல்ல? காய்ச்சலு வரும், போகும். இப்பக் கீழ உக்காந்து காப்பி குடிக்கறாங்களா இல்லையா? அதுக்குப் போயி அன்னைக்கு அந்த அழுகை அழுதீங்க.

கடைசில குத்தம் எதுலன்னு கேக்கறீங்களா? கேக்கலையா? சொல்றேன், கேட்டுக்கங்க, உங்களுக்கும் அறிவு வளரும். முள்ளுக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி வரும், இத்துனூண்டு, தொப்பியாட்டம். முள்ளு ஒடையாம இருக்கறதுக்கு. கையை எடை கட்டி நிறுத்தறப்ப அந்த மூடியக் கழட்டிட்டு நிறுத்தோணுமாம். பின்னால இருக்கற குண்டைத் திருகித் திருகித் தராசாட்டம் நேரா நிறுத்தறது. நானு மூடியோடயே நிறுத்திப் போட்டேன். அப்பறம் மூடியக் கழட்டுனா முன்னால பாரம் கொறைஞ்சு போச்சு. அதுதான் முள்ளு வழுக்கிட்டு ஓடியிருக்குது. காசே தேவையில்லை! டப்பியோட வந்த புத்தகத்துல போட்டிருக்கறானா? போட்டிருக்கறான், எறும்பு கணக்கா எழுத்துல. அதை யாரு படிக்கறது?

கண்டுபுடிச்சது நாந்தான். துளசி ஒரு வார்த்தை சொன்னா, அது குருட்டாம்போக்குல சொன்னது. கூட்டறப்ப அந்த மூடி கெடந்துருக்குது, இது எதுக்குன்னா. சொன்னேன். இதைப் போட்டுட்டா எடை பாத்தீங்க, காய்க்காரன் கூடக் கூடை எடையக் கழிச்சுட்டுத்தான் போடறான்னு சொல்லிட்டுப் போயிட்டா. நானு அதுக்கப்பறம் உக்காந்து ரோசனை பண்ணி, குண்டைத் திருகி, மறுக்கா நிறுத்தி, காசை எடுத்துட்டுப் போட்டேன். எம்பட பொக்கிசத்துல ஒண்ணைத்தான் போட்டேன். அடடா அடடா! அப்புடி ஒரு சத்தம் அம்மிணி. கண்ணுல தண்ணி வந்துருச்சு. போன ஞாயித்துக்கிழமை நஞ்சுண்டன் வந்து கேட்டுட்டு வாயே தொறக்கலை. போண்டாவையும் தொடலை. எனக்கு அது போதும்.

உங்க தட்டா? இந்தாங்க, பாருங்க, பத்திரமாத்தான் இருக்குது.

வெளிச்சத்துல சாய்ச்சுப் பாக்க வேண்டாம், அப்புடித்தான் தெரியும். வெளிப்பக்கம் சாம்பல் பூத்தாப்ல இருக்கறது முள்ளு ஓடுன எடம். காசு வெச்சு ஓட்டுனதுல கொஞ்சம் தேஞ்சு போச்சு. கொஞ்சமென்ன, அந்தப் பக்கம் இனி ஒண்ணும் கேக்காது. காசை எடுத்துட்டுப் போட்டுப் பாத்தேன், மழை பேயறாப்ல ஒரே சர்ருனு இருக்குது, நடுவுல எப்பவாச்சும் ஒரு 'ம' வருது. செல்லுல புடிச்சா மழைதான் வரும், அதுனாலதான் புடிக்கலை. பழைய சாமானம் அம்மிணி. உங்க பொட்டில இருந்திருந்தாலும் பூஞ்சை புடிச்சுப் போயிருக்கும். எம்பட கையில போனதுல ஒரு பிரயோசனமாவது இருந்துச்சு.

என்னங்க இது, சின்னப் புள்ளையாட்டம்? தொடச்சுக்கங்க. கீழ பெரியவங்க இருக்காங்க. என்ன போச்சுன்னு இப்ப வெசனப்படறீங்க? பேச்சுத்தான வேணும்? அத்தனை தடவை கேட்டதுல எனக்கு மனப்பாடமே ஆயிப்போச்சு. சொல்றேன், கேட்டுக்கங்க. வேணும்னா உங்க செல்லுல புடிச்சுக்கங்க, உங்கம்மாளுக்கு இந்த வயசுல காது என்னத்தைத் தெரியப் போகுது. புருசன் கொரலுன்னு சொன்னா நம்பிக்கப் போறாங்க.

'மயிலா. மயிலா, நாந்தான். நான் பேசறது கேக்குதா?' இந்த எடத்துல கொஞ்ச நேரம் சும்மா இருக்காரு. இரைச்சலு இருந்தா இங்கதான் தெரியும். 'இந்தாளு சீக்கிரம் பேசு, சீக்கிரம் பேசுங்கறான். என்ன பேசறதுன்னே தெரியலை. ஊட்டுல வாயே மூடறதில்லைன்னு வைவியே, இப்பப் பாரு.' அப்பறம் தொண்டையச் செருமறாரு. 'கமலம் தூங்கிட்டாளா? அவளுக்குச் சட்டை எடுத்தேன், செவப்புச் சட்டை. பெருசாத்தான் இருக்கும், வளந்துருவா.' கமலம்னா நீங்கதானுங்க? கமலவேணி. ஆ, அதுதான். 'சனிக்கிழமை சந்தைல உனக்குச் சேலை சொல்லி வெச்சிருக்கேன். சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். சொல்லிப்போட்டேன். சிரிக்காத.' இந்த வரிதான் அம்மிணி தங்கம். சட்டை, செவப்புச் சட்டை, சனிக்கிழமை, சந்தை, சேலை, சிரிக்காத. வரிசையா 'ச'தான். முள்ளுக்கு இதை விடப் பெரிய பரீட்சை ஒலகத்துலயே இல்லை. இதுக்குன்னு காசு குடுத்துப் பேசச் சொல்லியிருந்தாலும் இப்புடி அமைஞ்சிருக்காது.

அதுக்கப்பறமா? அதுக்கப்பறம் என்ன பேசுனாருன்னு தெரியாதுங். அத்தோட முள்ளத் தூக்கிருவேன். பரீட்சைக்கு அது போதும். அதுக்கு மேல கேட்டு எனக்கு என்ன ஆகப் போகுது?

ஆமா, அதைக் கேக்கறீங்களா, சரியான ஆளுதான் நீங்க. உள்பக்கம் ரெண்டு விரக்கடை இன்னும் கருகருன்னு பளபளப்பா இருக்குது பாருங்க. அங்க முள்ளே போனதில்லை. அது அப்புடியே புதுசுதான்.

குடுங்க இங்க. ஏனுங், எதுக்குப் புடுங்கறீங்க? வேற எங்கியோ கொண்டு போயிப் போட்டுக்கறீங்களா? இந்த ஊர்ல இதை ஓட்டறதுக்கு என்னை உட்டா எவன் இருக்கறான்? குடுங்கங்கறேன். இப்பக் காசு இல்லை, பாரம் சரியா இருக்குது, ஒண்ணும் ஆகாது. இனிமேத்தான் எம்பட பிளேயரு என்னன்னு பாக்கப் போறீங்க. அம்மாளைக் கூட்டிட்டு வர்றீங்களா? அதெல்லாம் எதுக்கு, எம்பட ஸ்பீக்கரு தெருமுனை வரைக்கும் கேக்கும். கீழ இருந்தே கேட்டுக்குவாங்க. இந்தா, வெச்சாச்சு. உக்காருங்க.

ம்... வருது. பாத்தீங்களா? ஒரு கரகரப்பு இல்லை, ஒரு இரைச்சலு இல்லை. கொரலு எங்க நிக்குது பாருங்க, நட்ட நடுவுல, ரெண்டு ஸ்பீக்கருக்கும் மத்தில. பேசாம இருங்க, கேக்க உடுங்கங்கறீங்க, நானும் அதைத்தான சொல்றேன், நல்லாக் கேளுங்க. இப்ப ஒரு 'ச' வந்துச்சே, வெடிச்சுதா? வெடிக்கலை! மூடி அம்மிணி, எல்லாம் அந்த மூடி. மூச்சு இழுக்கறது கூட எப்புடித் தெரியுது பாருங்க. சிரிக்கறாரு. சிரிப்புச் சத்தம் பொளந்து போகாம வர்றதுதான் கஷ்டம், இதோ எப்புடி வருது. நஞ்சுண்டன் பிளேயர்ல இது வராதுங்க, நானு எழுதியே குடுக்கறேன். கையை எடுங்க அம்மிணி, எதுக்கு எம்பட வாயப் பொத்த வர்றீங்க? நல்ல கதையா இருக்குதே. எம்பட ரூமுல நானு பேசக் கூடாதா? ஆ, அவ்வளவுதான். முடிஞ்சுது. முள்ளத் தூக்கிர்றேன்.

என்ன சொன்னாரா? எனக்கென்ன தெரியும், நானு சத்தத்தையல்ல கேட்டுட்டு இருந்தேன். மயிலான்னு ஒருக்கா வந்தாப்ல இருந்துச்சு. வான்னு சொன்னாரோ, வர்றேன்னு சொன்னாரோ.

மறுக்காவா? இப்ப ஆகாதுங்க. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, கூட்டத்துக்கு ஆளுக வர்ற நேரம். முள்ளத் தொடச்சு, எல்லாத்தையும் எடுத்து வெக்கோணும். அடுத்த வாரம் போன் பண்ணிட்டு வாங்க, பாக்கலாம்.

கீழ என்ன அது சத்தம்? துளசி! ஏய் துளசீ! யாரு படியேறறது? அந்தம்மாளை எதுக்கு உடறே, புடிச்சு உக்கார வெய்யி. கீழ உளுந்து கிளுந்து வெச்சாங்கன்னா யாரு பதில் சொல்றது? 'இருங்க, வந்தர்றனுங்க, இருங்க, வந்தர்றனுங்க'ன்னு யாருகிட்டச் சொல்லிட்டு வர்றாங்க?

அம்மா! ஏனுங்கம்மா! ஏறாதீங்க, அங்கயே நில்லுங்க. நானு முள்ளத் தூக்கி வெச்சுட்டேன்.